அரை மணி நேர விமானி

என் தங்கையின் கணவருக்குச் சின்ன வயதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆகாய விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் அது. நிறைவேறவில்லை. கண் பார்வை ஒரு காரணம், பணம் இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், "கண்ணுதான்" என்று கௌரவமாகச் சொல்லிவிடுவார். இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்கு வீடு. வந்ததும் குழந்தைகளின் பாடம், கடைத்தெரு, படுக்கையோடு கிடக்கும் தாயாருக்குச் செய்ய வேண்டிய காரியங்கள். எல்லாம் முடிந்து, வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு, ராத்திரி பத்தேகாலுக்கு அவருக்கென்று ஓர் அரை மணி நேரம் மிஞ்சுகிறது. அந்த அரை மணியில் அவர் விமானி.

கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் மேஜையோடு சேர்த்து இறுக்கிய ஒரு ஜாய்ஸ்டிக். சென்ற மாதம் அங்கே நாலு நாள் தங்கியிருந்தபோது, நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் நாள் என் கையிலேயே பிடியைக் கொடுத்தார். மூன்று தடவை கிளம்பினேன். மூன்று தடவையும் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த வயலில் போய் விழுந்தேன். "மூணே தடவைதானே மச்சான், பரவாயில்லை" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு யுத்த விளையாட்டைக் காட்டினார். பல தேசத்து ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்து வந்து, ஒரே வானத்தில் சண்டையிடுகிற ஆட்டம். அவர் கிளம்பினார். பத்து நிமிஷம் பொறுமையாக மேலே ஏறினார். மேகத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவன் பாய்ந்து வந்தான். ஆறு விநாடி இருக்கும், இறக்கை கழன்றுபோயிற்று. மறுபடியும் கிளம்பினார், மறுபடியும் ஏறினார், மறுபடியும் அதே கதி. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

"அவன் ஓட்டறது என்னோடதைவிட நல்ல விமானம், மச்சான். அது எனக்குக் கிடைக்கணும்னா இன்னும் எட்டு மாசம் இப்படியே அடி வாங்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாள் பார்த்தால், அந்த ஆட்டமே அவருடைய கம்ப்யூட்டரில் இல்லை.

கதை எழுதுகிற எனக்கு விளையாட்டைப் பற்றி விமரிசனம் செய்ய என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்கலாம். ஒன்று உண்டு. நேரமில்லாதவர்களின் நேரத்தை வாங்கிப் பிழைக்கிறவன் நான். பஸ்ஸில் இருபது நிமிஷம், சோறு வேகும்போது கால் மணி, தூக்கம் வருகிற வரையில் பத்து நிமிஷம் என்று மிச்சம் பிடித்துத்தான் ஜனங்கள் என்னைப் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பத்திரிகையில் எழுதுகிற ஒவ்வொருவனும் கற்க வேண்டிய பாடம். இந்த விமான விளையாட்டுக்களைச் செய்கிறவர்கள் அந்தப் பாடத்தை எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கப் போகிறேன்.

முதலில் இந்தப் பொய் விமானத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டருக்கு முந்தியது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ பறப்பதில் மோகம். பாடம் படிக்கிற செலவு பெரிதாக இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகளையே எடுத்து, அவற்றின் மேல் ஒரு குட்டி விமானத்தை ஏற்றி, 1929-ல் தரையை விட்டுக் கிளம்பாத ஒரு விமானத்தை அவர் செய்துவிட்டார். ஆரம்பத்தில் அதை வாங்கினவர்கள் பொருட்காட்சிக்காரர்கள். காசு போட்டு ஆடுகிற வேடிக்கையாக வைத்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் வேலையை ஏற்று, மூடுபனியிலும் புயலிலும் சிக்கிப் பலர் உயிரிழந்த பிறகுதான், ராணுவம் கண் விழித்து ஆறு யந்திரங்களை வாங்கியது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற வித்தையை லட்சக்கணக்கான விமானிகள் பிறகு அதில் கற்றார்கள்.

1979-ஐ ஒட்டி, புரூஸ் ஆர்ட்விக் என்பவர் இதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். 1982-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி அதைத் தன் பெயரில் வெளியிட்டது. பல வருஷங்கள் அந்த விளையாட்டைத் திறந்தால் நீங்கள் நிற்கிற இடம் சிகாகோவில் ஏரிக்கரையோரம் இருந்த மெய்க்ஸ் என்ற சின்ன விமான நிலையம். நிஜ மெய்க்ஸை 2003-ல் நகர நிர்வாகம் ஒரே ராத்திரியில் மண்வெட்டி யந்திரங்களை விட்டு ஓடுபாதையைத் தோண்டி மூடிவிட்டது. பழைய விளையாட்டில் இன்னும் அங்கே இறங்கலாம்.

அந்தப் பழைய ஆட்டத்தில் மூன்று சௌகரியங்கள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் ஆகாயத்திலேயே நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் காலம் வேகமாக ஓடும். கடலின் மேல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். மூன்றாவதாக, போகிற நிலையை அப்படியே பத்திரப்படுத்தி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். படித்த பக்கத்தில் அடையாளம் வைத்துப் புஸ்தகத்தை மூடுவதைப் போல. அது தனி ஆள் ஆட்டம். யந்திரம் மனிதனுக்காகக் காத்திருந்தது.

சங்கடம் ஆரம்பித்தது பலர் சேர்ந்து ஆடத் தொடங்கிய பிறகு. பத்துப் பேர் ஒரே வானத்தில் இருக்கும்போது ஒருவருக்காக மட்டும் காலத்தை நிறுத்த முடியாது. இது யாருடைய குற்றமும் அல்ல. கூட்டம் என்றால் அப்படித்தான். ஆனால் இந்த நியாயமான நிர்ப்பந்தத்தின் நிழலில் வேறு சில காரியங்கள் நுழைந்துவிட்டன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1980-களின் பிற்பகுதியில் ஏர் வாரியர் என்றொரு ஆட்டம் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகப் பலர் கூடிச் சண்டையிட்ட விமான விளையாட்டுக்களில் அது முன்னோடி. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆடினவர்களின் பில் பயங்கரமாக ஏறியது. ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அரை மணி ஆடினவன் அரை மணிக்குக் கொடுத்தான். ஆடாத நாளில் காலணா தர வேண்டாம்.

2012-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட வார் தண்டர் என்ற ஆட்டத்தில் நுழையக் கட்டணமே கிடையாது. 1930-களின் இரட்டை இறக்கை விமானத்தில் ஆரம்பிக்கிறோம். ஆடி ஆடிப் புள்ளி சேர்த்து, ஒவ்வொரு விமானமாகத் திறந்து, ஜெட் விமானம் வரை போக வேண்டும். இந்த ஏணி நீளமானது. சீக்கிரம் ஏற வேண்டுமானால் பணம் கட்டி விசேஷக் கணக்கு வாங்கலாம். புள்ளி அதிகமாக விழும். அந்தச் சலுகையை விற்பது நாள் கணக்கில். முப்பது நாளுக்குப் பணம் கட்டினால், நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் முப்பதாம் நாள் தீர்ந்துவிடும். ஒரே விலை கொடுத்து, தினம் ஆறு மணி நேரம் ஆடுகிற பையன் நூற்றெண்பது மணி நேரம் வாங்குகிறான். தினம் அரை மணி ஆடுகிற குடும்பஸ்தர் பதினைந்து மணி நேரம் வாங்குகிறார். மளிகைக் கடையில் இப்படி நிறுத்தால் நாம் சும்மா இருப்போமா?

ஆடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 2023 மே மாதம் இந்த ஆட்டத்தின் புள்ளிக் கணக்கும் செலவுக் கணக்கும் பொறுக்க முடியாமல், பெருங்கூட்டமாகச் சேர்ந்து மோசமான மதிப்புரைகளை எழுதிக் குவித்தார்கள். கம்பெனி இறங்கி வந்து கணக்கைத் தளர்த்தியது. விமரிசனத்துக்குப் பலன் இல்லை என்று பெருமூச்சு விடுகிற நம் இலக்கியக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் வரும். நியாயமான ஆக்ஷேபம். "அதிக நேரம் உழைத்தவன் ஜெயிப்பதில் என்ன தவறு? தினம் ஆறு மணி நேரம் சாதகம் செய்கிறவனும் அரை மணி செய்கிறவனும் ஒரே மாதிரி பாட வேண்டுமா?"

வேண்டாம். சாதகம் செய்தவன் நன்றாகப் பாடட்டும். ஆனால், சாதகம் செய்தவனுக்கு நல்ல குரலோடு கூட நல்ல தம்புராவையும் கொடுத்து, செய்யாதவனுக்கு நரம்பு அறுந்த தம்புராவைக் கொடுத்துப் போட்டி வைத்தால் அது எந்த ஊர் நியாயம்? சதுரங்கத்தில் பத்தாயிரம் ஆட்டம் ஆடிய மேதைக்கு இரண்டு ராணி கொடுப்பதில்லை. அவர் ஜெயிப்பார், காய்கள் இருவருக்கும் ஒன்றுதான். நேரம் திறமையாக மாறுவதை நான் மறுக்கவில்லை. நேரமே நேராக ஆயுதமாக மாறுவதைத்தான் ஆக்ஷேபிக்கிறேன். திறமைசாலியிடம் தோற்றால் ஒன்று கற்றுக்கொண்டோம் என்ற திருப்தியாவது இருக்கும். எட்டு மாதத்துக் கணக்குப் புஸ்தகத்திடம் தோற்றால் என்ன இருக்கிறது?

நிஜமான ஆகாயத்தில் எப்படி என்று பாருங்கள். அமெரிக்கச் சட்டப்படி, பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர் உரிமம் பெறச் சாதாரணமாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது வாசற்படி. அதற்குப் பிறகு, பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அவர் இன்னும் தகுதியாக இருக்கிறாரா என்று பார்க்க ஒரு விதி இருக்கிறது: கடந்த 90 நாட்களில் மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவை இறங்கியிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் மேலே சுற்றினார் என்று அந்த விதி கேட்பதில்லை. இறங்கினாரா என்று கேட்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே மணிக்கணக்கை வாசலோடு நிறுத்திவிட்டு இறக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். பொழுதுபோக்கில் மட்டும் ஏன் மணிக்கணக்கு ராஜாங்கம் செய்ய வேண்டும்?

பரிகாரம் இல்லாமல் குறை சொல்வது சுலபம். பரிகாரங்கள் ஏற்கெனவே அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. 2000-ல் வந்த ஏஸஸ் ஹை என்ற யுத்த விமான ஆட்டத்தில், மிகச் சக்திவாய்ந்த சில விமானங்களைத் தவிர மற்றவற்றை முதல் நாள் வந்தவனும் எடுத்து ஓட்டலாம். ஒரு கட்சியில் ஆள் அதிகமாகிவிட்டால், அந்தக் கட்சிக்காரர்களுக்கு உயர்ந்த விமானங்கள் மறுக்கப்படும். சாதாரண விமானத்தில் போய் உயர்ந்த விமானத்தை வீழ்த்தினால் அதிகப் பரிசு. சம்பாதித்து முடித்தவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் நடுவே இதைவிட நல்ல மத்தியஸ்தம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொரு பரிகாரம் விமான விளையாட்டில் பிறந்ததல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அது ரொம்பவும் பிடித்தமானது. 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற சாகச விளையாட்டைத் தயார் செய்தபோது, மிக அதிக நேரம் ஆடுகிறவர்களுக்குக் களைப்பு வந்துவிட்டதாக வைத்து, அவர்கள் சம்பாதிக்கிற அனுபவப் புள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். சோதனை பார்த்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். உடனே, பாதியாக இருந்ததைச் சாதாரணம் என்றும், முழுதாக இருந்ததை ஓய்வெடுத்தவருக்கு இரட்டிப்புச் சன்மானம் என்றும் பெயர் மாற்றினார்கள். விகிதம் அதேதான், பெயர்தான் வேறு. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சத்திரத்தில் படுத்து வெளியேறினால், ஆடாத நாட்களில் அந்தச் சன்மானம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து நாள் வரமுடியாமல் ஆறாம் நாள் வருகிறவனை, "எங்கே போயிருந்தாய்?" என்று அதட்டாமல், "வா, களைப்பாறினாயா?" என்று கேட்கிற ஏற்பாடு. விமான ஆட்டங்களில் குறித்த சில நாட்களுக்குள் இத்தனை புள்ளி எடுத்தால்தான் பரிசு என்று விழா நடத்துகிறவர்கள், இந்தச் சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, எதிராளியைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். அர்பாட் எலோ என்ற பேராசிரியர் வகுத்த தர எண் முறையை 1970-ல் உலகச் சதுரங்க சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. ஆடிய ஆட்டங்களின் முடிவைக் கொண்டு ஒருவரின் பலத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறது அது. அதை வைத்துச் சமபலம் உள்ளவர்களைச் சேர்த்துவிடலாம். வார் தண்டர் போன்ற ஆட்டத்திலோ தர எண் விமானத்துக்குத்தான், ஓட்டுகிறவனுக்கு இல்லை. ஆகவே ஒரே ரக விமானத்தில், மூன்று வாரத்து மாணாக்கனும் மூவாயிரம் மணி நேரத்து கிழப் புலியும் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். எதிராளி தேடக் காத்திருக்கிற நேரம் நீளும் என்று சொல்வார்கள். வாஸ்தவம். இரண்டு நிமிஷம் அதிகமாகக் காத்திருந்து சமமானவனோடு ஆட, என் மாப்பிள்ளை சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் தாராளமாக, "அப்படியானால் ஆட்டத்தைச் சுலபமாக்கிவிடலாமே!" என்பார்கள். அவர்களிடம்தான் எனக்கு அதிக மனஸ்தாபம். நேரமில்லாதவனுக்கு மூளையும் இல்லை என்று யார் சொன்னது? பத்திரிகை உலகத்தில் இந்தத் தப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஜனங்களுக்கு நேரமில்லை சார், லேசாக எழுதுங்கள்" என்பார்கள். ஜனங்கள் கேட்பது லேசானதை அல்ல. கிடைத்த நேரத்துக்குள் முழுசாக முடிகிற ஒன்றை. சிறுகதை நாவலைவிடச் சுலபமான சரக்கு என்று சிறுகதை எழுதிப் பார்த்த எவனும் சொல்ல மாட்டான். அதற்கு ஆரம்பம் உண்டு, நெருக்கடி உண்டு, முடிவு உண்டு. எல்லாம் பத்துப் பக்கத்துக்குள். நேரமில்லாத வாசகனுக்கு அதைத் தராமல் ஒரு நாவலின் நடுவிலிருந்து பத்துப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? பத்து நிமிஷம் ஏறி ஆறு விநாடியில் சாவது, கிழித்த பக்கம்.

ஆகாயத்துச் சிறுகதைகளும் இருக்கத்தான் இருக்கின்றன. டி.சி.எஸ். என்ற ஆட்டம் மிகக் கண்டிப்பானது. போர் விமானத்தின் ஒவ்வொரு சுவிட்சையும் வரிசைப்படி போட்டு யந்திரத்தைக் கிளப்பவே பல நிமிஷம் ஆகும். அதிலேயே, ஆகாயத்தில் நேராக ஆரம்பிக்கிற குறும் பயிற்சிகளையும் வைத்திருக்கிறார்கள். 2020-ல் வந்த மைக்ரோஸாப்ட் ஆட்டத்தில் இறங்கும் போட்டிகள் என்று ஒரு பகுதி உண்டு. ஓடுபாதையை நோக்கி இறங்குகிற விமானத்தில் நம்மை உட்கார்த்தி வைக்கிறார்கள். சில இடங்களில் மலை, சில இடங்களில் பக்கவாட்டுக் காற்று. சில நிமிஷம்தான். இறங்கியதும் மார்க். உலகம் பூராவும் அதே காற்று, அதே விமானம், அதே ஓடுபாதை. ஆறு மணி நேரம் உள்ளவன் நூறு தடவை முயலலாம், அது அவன் உரிமை. ஆனால் அவனுக்கு விசேஷ இறக்கை கிடையாது. ஒரே தடவை இறங்கினவனும் ஒரு முழுக் காரியம் செய்தவனாக எழுந்து போகலாம்.

இதனாலெல்லாம் பூரண சமத்துவம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நேரம் உள்ளவன் நேரம் இல்லாதவனைவிட எதிலும் முந்தித்தான் நிற்பான். சங்கீதத்தில், படிப்பில், காதலில்கூட. ஒரு விளையாட்டுக் கம்பெனி அதை மாற்ற முடியாது. ஏற்கெனவே இருக்கிற அந்தச் சாய்வின் மேல் இன்னொரு பலகையைச் சாய்த்து, அதற்கு வாடகையும் வசூலிக்காமல் இருந்தால் போதும்.

நாலாம் நாள் ராத்திரி, நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், மாப்பிள்ளை தன் பழைய தனி ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். கீழே ஏதோ ஓர் ஊரின் விளக்குகள். ஓடுபாதை தெரிந்து, விமானம் மெள்ளத் தாழ்ந்துகொண்டிருந்த சமயம், உள் அறையிலிருந்து தாயாரின் குரல் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போனார். தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, போர்வையைச் சரி செய்து, அவர் தூங்கும் வரையில் பக்கத்தில் இருந்துவிட்டு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அந்த விமானம் இருட்டில், தரைக்கு இருநூறு அடி மேலே, அசையாமல் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். பொத்தானை மறுபடி அழுத்தினார். விமானம் கொஞ்சம் குதித்து, பிறகு அடங்கி ஓடி நின்றது.

"கொஞ்சம் தூக்கிப் போட்டுடுச்சு, மச்சான்" என்றார்.

"இறங்கிட்டீங்களே, மாப்பிள்ளை" என்றேன்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். மணி பத்து ஐம்பது. காலையில் எட்டரைக்கு அவர் வங்கிக்குக் கிளம்ப வேண்டும்.